புயலுக்கு முன் சாலை தாங்குமா? ராமேஸ்வரம் – மதுரை வெளியேற்றப் போக்குவரத்து சிமுலேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் கடற்கரைக்குப் புயல் எச்சரிக்கை வந்தால் தேசிய நெடுஞ்சாலை 87-ல் என்ன நடக்கும்? அதைக் கணினியில் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க நினைக்கும் மதுரை வட்டார சிவில் மாணவர்களுக்கும், பேரிடர் மேலாண்மைப் பணியில் இருப்பவர்களுக்கும் இந்தப் பதில்கள். "உதாரணத்துக்கு" என்று சொல்லிவிட்டுப் போட்டிருக்கும் எண்கள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கு மட்டுமே. உங்கள் பகுதிக்கான எண்ணை நீங்கள்தான் எடுத்துப் போட வேண்டும்.

இந்த சிமுலேஷனால் உண்மையில் என்ன தெரியவரும்?

முதல் அறிவிப்பை எத்தனை மணிக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது தெரியவரும். மற்றதெல்லாம் அதற்குத் துணைக் கணக்கு.

இந்திய வானிலை ஆய்வுத் துறை படிப்படியாக எச்சரிக்கை தருகிறது: 72 மணி நேரத்துக்கு முன் முன்னறிவிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் புயல் விழிப்பு, 24 மணி நேரத்துக்கு முன் புயல் எச்சரிக்கை, 12 மணி நேரத்துக்கு முன், கரை கடந்த பிறகு நிலவரம் எப்படி இருக்கும் என்ற கணிப்பு. கேட்க நிறைய நேரம் இருப்பதுபோல் தெரியும். ஆனால் புயல் கரையைக் கடக்கும் நேரம் வேறு, பாம்பன் பாலத்தில் வண்டி ஓட்ட முடியாமல் போகும் நேரம் வேறு. காலை 6 மணிக்குக் கரையைக் கடக்கும் என்றால், பலத்த காற்று முந்தின நாள் மாலையே வந்துவிடலாம். அப்படியானால் கடைசி வண்டி மாலை 6 மணிக்குள் பாலத்தைத் தாண்டியிருக்க வேண்டும். கையிலிருந்த நேரத்தில் 12 மணி நேரம் அங்கேயே போய்விட்டது. மிச்ச நேரம் போதுமா என்பதைத்தான் மாதிரி (சாலையையும் வண்டிகளையும் கணினியில் உருவாக்கிய மாடல்) சொல்லும்.

அமெரிக்காவில் இதற்கென்று நிறைய மாதிரிகள் இருக்கின்றனவே, அவற்றையே எடுத்துக்கொள்ளலாமா?

பாடங்களை எடுத்துக்கொள்ளலாம், மாதிரியை எடுக்க முடியாது. அங்கே வெளியேற்றம் என்றால் குடும்பம் குடும்பமாகக் காரில் ஏறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போவது. 1999-ல் ஃபிளாய்ட் சூறாவளியின்போது தென் கரோலினாவில் சார்ல்ஸ்டனிலிருந்து கொலம்பியா போகும் நெடுஞ்சாலை மணிக்கணக்கில் உறைந்து நின்றது. 2005-ல் ரீட்டா வந்தபோது ஹூஸ்டன் பகுதியிலிருந்து 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே சமயத்தில் கிளம்பினார்கள். போகச் சொல்லாத இடங்களில் இருந்தவர்களும் பயத்தில் கிளம்பியது அதற்கு ஒரு காரணம். பெட்ரோல் தீர்ந்தது, வெயிலில் வண்டிகள் நின்றன, முதியோர் இல்லத்தவரை ஏற்றி வந்த பேருந்து டாலஸ் அருகே தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். டெக்சாஸில் ரீட்டாவை ஒட்டி நிகழ்ந்த நூற்றுக்கு மேற்பட்ட மரணங்களில் பெரும்பாலானவை வெளியேற்றத்தோடு தொடர்புடையவை. அதே ஆண்டு கத்ரீனாவில் கதை வேறு. கார் வைத்திருந்தவர்கள் ஓரளவு ஒழுங்காக வெளியேறிவிட்டார்கள், வண்டியில்லாதவர்கள் நியூ ஆர்லியன்ஸில் மாட்டிக்கொண்டார்கள்.

நம் வழக்கம் வேறு. 2013-ல் பைலின், 2019-ல் ஃபனி புயல்களின்போது ஒடிசாவில் சுமார் 10 லட்சமோ அதற்கு மேலோ மக்களை அப்புறப்படுத்தினார்கள். பெரும்பாலோர் போனது பக்கத்துப் புயல் பாதுகாப்பு மையத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோதான். தூரம் சில கிலோமீட்டர்; வாகனம் பேருந்து, ஷேர் ஆட்டோ, டாடா ஏஸ், பைக், இல்லாவிட்டால் நடந்தே போவது. கார்களை மட்டும் ஓட்டிப் பார்க்கும் மாதிரி இங்கே பாதிப்பேரைக் கணக்கிலேயே எடுக்காது.

அப்படியானால் யார் யாரைச் சேர்க்க வேண்டும்?

ராமேஸ்வரம் தீவில் ஒரே சாலையை நம்பி இரண்டு வகைக் கூட்டம் இருக்கிறது. இதைத் தனித்தனியாகப் பிரிக்காமல் எந்த மாதிரியும் சரியாக வராது.

முதலாவது ஊர்க்காரர்கள். தங்கச்சிமடம், பாம்பன், ராமேஸ்வரம் கரையோரக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் முகாமுக்குப் போவார்கள், மதுரைக்கு வரமாட்டார்கள். படகைப் பத்திரப்படுத்தாமல் வீட்டின் ஆம்பளைகள் நகரமாட்டார்கள். ஆடு மாடு வைத்திருப்பவர்களும் அப்படியே. ஆகவே ஒரே வீட்டிலிருந்து பெண்களும் பிள்ளைகளும் ஒரு நேரத்தில், ஆண்கள் பல மணி நேரம் கழித்து என்று இரண்டு பயணமாகப் போட வேண்டும்.

இரண்டாவது யாத்ரீகர்கள். வடகிழக்குப் பருவமழையின் புயல் மாதங்களும் ஐயப்பன் சீசனும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. கார்த்திகை, மார்கழியில் ராமேஸ்வரத்து வாகன நிறுத்தங்களில் பல மாநில வேன்களும் பேருந்துகளும் நிற்கும். இவர்களுக்கு இங்கே வீடு கிடையாது. எச்சரிக்கை கேட்டதும் மதுரைப் பக்கம்தான் கிளம்புவார்கள். 170 கிலோமீட்டர், வழி தெரியாத ஓட்டுநர்கள், செல்போன் வரைபடம் காட்டுகிற பாதை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலில் கடல் கொண்டுபோன பாசஞ்சர் ரயிலில் இருந்தவர்களும் பயணிகள்தான்.

இவர்கள் தவிர அன்றாடப் போக்குவரத்தும் நின்றுவிடாது. மீன் லாரி, அரசுப் பேருந்து, எதிர்த்திசையில் வரும் மின்வாரிய வண்டிகள், மீட்புக் குழு. சாதாரண நாளின் போக்குவரத்தில் முதல் சில மணி நேரத்துக்குப் பாதிக்கும் மேல் இருக்கும் என்றே தொடங்குங்கள்.

எந்த மென்பொருள் நல்லது?

செலவில்லாமல் தொடங்க சுமோ. ஜெர்மன் விண்வெளி மையம் உருவாக்கிய திறந்த மென்பொருள். ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியாக ஓட்டும். விஸ்ஸிம் நம் கலப்புப் போக்குவரத்துக்கு நன்றாகப் பொருந்தும், ஆனால் உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டும். ஒருவர் நாள் முழுக்க என்னென்ன செய்கிறார் (பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது, பிறகு வீடு, பிறகு கிளம்புவது) என்பதைப் பின்தொடர வேண்டுமானால் மேட்சிம். எதைத் தொடும் முன்பும் ஒரு விரிதாளில் கைக்கணக்குப் போட்டு வையுங்கள். மென்பொருள் தரும் விடை கைக்கணக்கிலிருந்து இரண்டு மடங்கு விலகினால், கணக்கில் தப்பு இருப்பதைவிட மாதிரியில் தப்பு இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வரைபடத்தை எப்படித் தயார் செய்வது?

ஓபன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து ராமேஸ்வரம் முதல் மதுரை சுற்றுச்சாலை வரைக்கும் இறக்கி, சுமோவின் நெட்கன்வர்ட் கருவியால் சாலை வலைப்பின்னலாக மாற்றுங்கள். இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதை 'லெஃப்ட்ஹேண்ட்' தேர்வில் சொல்லியே ஆக வேண்டும். மறந்தால் வண்டிகள் வலப்பக்கம் ஓடும், சந்திப்புகளில் யாருக்கு முதல் வழி என்பதே தலைகீழாகும்.

அடுத்து, தட எண்ணிக்கையை ஒவ்வொரு நீளமாக உட்கார்ந்து சரிபாருங்கள். வரைபடத்தில் எண் குறிக்கப்படாத இடங்களில் மென்பொருள் சாலை வகையைப் பார்த்துத் தானாக ஒரு எண்ணைப் போட்டுவிடும். மதுரை – பரமக்குடி நான்கு வழிச்சாலை. பரமக்குடி – ராமநாதபுரம் இரு வழிச்சாலையாக இருந்துவரும் பகுதி. நான்கு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலை நடக்கும் காலத்தில் எங்கெங்கே மண் சாலையில் திருப்பிவிடுகிறார்கள் என்பதை நேரில் பார்த்துச் சேர்க்க வேண்டும். வேலை நடக்கும் நீளம்தான் மழையில் முதலில் சேறாகும்.

இரு சக்கர வாகனங்களுக்குத் தடத்துக்குள் துணைத்தடம் வேண்டும். சுமோவில் பக்கவாட்டுத் துல்லியத்தை 0.4 மீட்டர் என்று வைத்து, பைக்குக்கு நீளம் 2 மீட்டர், அகலம் 0.8 மீட்டர் போன்ற உண்மை அளவைக் கொடுத்தால் அவை இடுக்கில் முன்னேறும். கொடுக்காவிட்டால் ஒவ்வொரு பைக்கும் ஒரு கார் போலத் தடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும்.

பாலத்துக்கான கைக்கணக்கை ஒருமுறை போட்டுக் காட்ட முடியுமா?

1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் சுமார் 2.3 கிலோமீட்டர் நீளம், திசைக்கு ஒரு தடம். சாலை வடிவமைப்பு விதிகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸின் விதியில் கார் 1, இலகு சரக்கு வண்டி 1.5, பேருந்து 3, பைக் 0.5 என்று கார் அளவுக்கு மாற்றுவார்கள். வேனுக்கும் 1.5 எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு, தீவிலிருந்து வெளியேற 1,800 கார், 700 வேன், 300 பேருந்து, 200 பைக் இருக்கின்றன என்று வையுங்கள். 1,800 + 1,050 + 900 + 100 = 3,850 கார் அளவு.

ஒரு தடம் மணிக்கு 900 விட்டால் 4 மணி 17 நிமிடம். மழையில் 750 ஆகக் குறைந்தால் 5 மணி 8 நிமிடம். இது சாலை ஒரு நொடிகூடச் சும்மா இல்லாமல், ஒரு வண்டிகூடப் பழுதாகாமல் ஓடினால் வரும் விடை.

பாலத்தில் சாதாரண நாளிலேயே நடப்பது என்ன? ரயில் பாலத்தைப் பார்க்கவும் படம் எடுக்கவும் ஓரமாக வண்டியை நிறுத்துகிறார்கள். பின்னால் வரும் பேருந்து எதிர்த்தடத்தில் ஏறித்தான் தாண்ட வேண்டும். புயல் நாளில் கடல் கொந்தளிப்பதைப் படம் பிடிக்க இன்னும் அதிகம் பேர் நிற்பார்கள். இதை மாதிரியில் சேர்ப்பது எளிது: மணிக்கு இத்தனை வண்டிகள், தலா 3 நிமிடம், பாலத்தின் நடுப்பகுதியில் நிற்கும் என்று கொடுங்கள். பாலத்தின் இரு முனையிலும் போலீஸ் நின்று இதைத் தடுத்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்பதையும் அந்தக் கணினி மாதிரியே காட்டிவிடும். பணமே செலவாகாத இந்த ஒரு நடவடிக்கையைத்தான் முதலில் சோதிக்கச் சொல்வோம்.

பழுதான வண்டியைத் தாண்டிப் போக எதிர்த்தடத்தைப் பயன்படுத்தும் வசதியை வலைப்பின்னல் தயாரிக்கும்போதே திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு பேருந்து நின்றதும் தீவே அடைபட்டுவிட்டதாக மாதிரி சொல்லும். துணைத்தடமும் இதுவும் சேர்ந்து ஒழுங்காக நடக்கின்றனவா என்பதை ஒரு கிலோமீட்டர் சோதனைச் சாலையில் முதலில் ஓட்டிப் பாருங்கள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பமாட்டார்களே?

கிளம்பமாட்டார்கள். முதலில் சிலர், பிறகு வேகமாகப் பலர், கடைசியில் தயங்குகிறவர்கள் என்று கூட்டுத்தொகை சாய்ந்த 'எஸ்' வடிவில் ஏறும். வழக்கமாக லாஜிஸ்டிக் வளைவைப் போடுகிறார்கள். அதில் இரண்டு எண்கள்: பாதிப்பேர் கிளம்பிய நேரம், வளைவின் செங்குத்து. செங்குத்தை நான்கால் வகுத்தால் உச்ச மணி நேரத்தில் கிளம்பும் பங்கு கிடைக்கும்.

மேலே சொன்ன 3,850-ஐயே எடுங்கள். செங்குத்து 0.5 என்றால் உச்சத்தில் மணிக்கு 12.5 சதவீதம், அதாவது சுமார் 481. பாலம் மழையிலும் தாங்கும், வரிசையே நிற்காது. செங்குத்து 1 என்றால் உச்சம் 962. வறண்ட சாலையின் 900-ஐக்கூடத் தாண்டிவிட்டது. வண்டிகள் அதே வண்டிகள்தான், கிளம்பிய விதம் மட்டும் மாறியிருக்கிறது. எல்லா விடுதிகளுக்கும் ஒரே நிமிடத்தில் "உடனே காலி செய்யுங்கள்" என்று அறிவித்தால் கிடைப்பது இரண்டாவது வளைவு. கிழக்கு ரத வீதி முதலில், இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த பகுதி என்று அறிவிப்பைப் பிரித்தால் முதல் வளைவுக்குப் பக்கத்தில் வரலாம். ஆனால் வளைவை நீட்டினால் கடைசி ஆள் கிளம்பும் நேரமும் தள்ளிப்போகும். பாலம் மூடும் நேரத்தோடு ஒத்துப்பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

இரவில் வளைவு கிட்டத்தட்டப் படுத்துவிடும். ஒரே வளைவை 24 மணி நேரத்துக்கும் போடாதீர்கள்.

அமெரிக்காவில் செய்வதுபோல் எதிர்த்திசைத் தடங்களையும் வெளியேறத் திறந்துவிட்டால்?

அங்கே நான்கு தட நெடுஞ்சாலைகளுக்குப் பரவலாகப் பயன்படும் மதிப்பீடு இது: வழக்கமான இரண்டு தடத்தில் மணிக்கு 3,000 வண்டி, எதிர்த்தடங்கள் இரண்டையும் சேர்த்துத் திருப்பினால் 5,000. தடம் இரட்டிப்பானாலும் ஓட்டம் இரட்டிப்பாவதில்லை. பழக்கமில்லாத பக்கத்தில் ஓட்டுநர்கள் தயங்குவார்கள், உள்ளே நுழையும் இடமும் வெளியேறும் இடமும் நெருக்கும்.

மதுரைச் சாலையில் இதனால் பயனில்லை என்பதே எங்கள் கருத்து. வெளியேறும் திசையில் பரமக்குடிக்கு மேற்கே சாலை அகலமாகிறது. வரிசை நிற்கப்போவது அதற்குக் கிழக்கே: பாலம், ராமநாதபுரம் நகரம், இரு வழிப் பகுதி. அகலமான இடத்தை மேலும் அகலமாக்கி என்ன ஆகப்போகிறது? இரு வழிப் பகுதியிலோ ஆட்களை ஏற்றப் போகும் காலிப் பேருந்தும் ஆம்புலன்ஸும் எதிரே வந்தாக வேண்டும். அந்தத் தடத்தை எடுத்துக்கொண்டால் வண்டியில்லாதவர்களின் வழியை அடைத்ததாகும்.

எத்தனை பேருந்து தேவை?

உதாரணத்துக்கு, 6 மணி நேரத்தில் 6,000 பேரை 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் முகாமுக்குக் கொண்டுபோக வேண்டும். 55 இருக்கை, மணிக்கு ஒரு நடை, ஆகவே 6,000-ஐ 330-ஆல் வகுத்து 19 பேருந்து என்று எழுதிவிடுவார்கள். போதாது.

ஒரு நடையைப் பிரித்துப் பாருங்கள்: ஏற்ற 12 நிமிடம், மணிக்கு 30 கிலோமீட்டரில் போக 24, இறக்க 8, காலியாகத் திரும்ப 20. மொத்தம் 64 நிமிடம். 6 மணி நேரத்தில் ஐந்து முழு நடை முடிய 320 நிமிடம். ஆறாவது நடையில் ஏற்றி இறக்கவே 44 நிமிடம் வேண்டும், மிச்சமிருப்பதோ 40. ஆக ஐந்துதான். பை, மூட்டை, அரிசிச் சாக்கு, தொட்டில் பிள்ளை எல்லாம் சேர்ந்தால் 55 இருக்கையில் 45 பேர்தான் வருவார்கள். 225-ஆல் வகுத்தால் 27 பேருந்து, பழுதுக்கு 3 சேர்த்து 30. டிப்போவிலிருந்து முதல் இடத்துக்கு வந்து சேரும் நேரத்தை இதில் இன்னும் கழிக்கவில்லை. 4 நிமிடத்தில் ஒரு நடை போனதைக் கவனியுங்கள். ஏற்றும் இடத்தில் இரண்டு கதவையும் திறந்து, பெயர் எழுதுவதைப் பேருந்துக்குள் வைத்துக்கொண்டால் அந்த 4 நிமிடம் திரும்பக் கிடைக்கும்.

மதுரைக்குள் என்ன பார்க்க வேண்டும்?

விரகனூர் சந்திப்பை. சிலைமான் வழியாக வருகிறவர்கள் அங்கேதான் மூன்றாகப் பிரிகிறார்கள்: தெப்பக்குளம் வழியாக நகருக்குள், சுற்றுச்சாலையில் வடக்கே மாட்டுத்தாவணிப் பக்கம், தெற்கே விமான நிலையம், கப்பலூர் பக்கம். வேன் ஓட்டுநருக்கு இறக்கும் இடம் சொல்லப்படாவிட்டால் கோயிலை நோக்கித்தான் போவார். மாசி வீதிகளுக்குள் நூறு வேன்கள் நுழைந்தால் வரிசை தெப்பக்குளம் வரை நீளும். நிறுத்துமிடங்களை அவற்றின் கொள்ளளவோடு மாதிரியில் வைத்து, நிரம்பினால் அடுத்த இடத்துக்குத் திருப்புங்கள். மின்தடையில் சிக்னல் அணையும். ஆகவே சிக்னல் இல்லாத நிலையையும் தனியாக ஓட்டிப் பாருங்கள்.

உள்நாட்டில் வெள்ளம் வந்தால்?

அவசியம் சேர்க்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினம் – வேதாரண்யம் இடையே கரை கடந்த கஜா, திண்டுக்கல் வட்டாரம் வரை காற்றும் மழையுமாக வந்தது. வைகை அணை 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. தண்ணீர் திறந்தால் மதுரைத் தரைப்பாலங்களை வலைப்பின்னலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் இன்னொன்று: கண்மாய். நயினார்கோவில், இளையான்குடி வழியான மாற்றுப்பாதை வரைபடத்தில் அழகாகத் தெரியும். ஒரு கரை உடைந்தால் சாலையே இருக்காது. மாற்றுப்பாதையை நம்பி வரும் விடையையும், அது அறுந்துபோனால் வரும் விடையையும் இரண்டாகவே கொடுங்கள். கீழக்கரை, சாயல்குடி வழியான கிழக்குக் கடற்கரைச் சாலையை வெளியேறும் வழியாக வைக்கவே வேண்டாம். அது கடலை ஒட்டியே போகிறது.

புயல் தினமும் வருவதில்லை. மாதிரி சரியா என்று எதோடு ஒப்பிடுவது?

ஆடி அமாவாசை, தை அமாவாசை. தர்ப்பணம் முடித்து மதியத்துக்குமேல் ஒரே பாலத்தின் வழியாகத் திரும்பும் கூட்டம்தான் நமக்குக் கிடைக்கும் மிக நல்ல ஒத்திகை. பாம்பன் முனை, ராமநாதபுரம் நகர எல்லை, பரமக்குடி, விரகனூர் என நான்கு இடத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வகைவாரியாக எண்ணுங்கள். வரிசையின் நீளத்தையும் குறியுங்கள். எண்ணிக்கை மட்டும் பொருந்தி வரிசை பொருந்தாத மாதிரிகள் நிறைய உண்டு.

எண்ணியதும் மாதிரி சொன்னதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்க ஜி.இ.எச். என்ற அளவு: இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி, இரண்டு எண்களின் கூட்டுத்தொகையால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். எண்ணியது மணிக்கு 640, மாதிரி சொன்னது 760 என்றால் 4.5. எண்ணிய இடங்களில் 85 சதவீதத்திலாவது 5-க்குக் கீழே இருக்க வேண்டும்.

மதுரைக்குள் நடப்போர் கூட்டத்துக்கு அழகர் ஆற்றில் இறங்கும் நாள் உதவும். ஆனால் அன்று போலீஸ் ஏற்பாடு முழுமையாக இருக்கும்; புயல் நாளில் அத்தனை ஆள் இருக்காது.

சுமோவில் நெரிசலே வரவில்லை, எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. நல்ல செய்தியா?

பெரும்பாலும் இல்லை. இரண்டு இடத்தில் பாருங்கள்.

ஒன்று, டெலிபோர்ட். 300 நொடி நகராமல் நிற்கும் வண்டியை சுமோ தானாகவே தூக்கி முன்னால் கொண்டுபோய் வைக்கும். அன்றாடப் போக்குவரத்துக்கு இது பரவாயில்லை. வெளியேற்றத்தில் நாம் தேடுவதே அந்த நிற்கும் வண்டியைத்தான். 'டைம்-டு-டெலிபோர்ட்' மதிப்பை -1 ஆக்கி நிறுத்திவிடுங்கள். அதன்பின் வலைப்பின்னல் பூட்டிக்கொண்டால், அது உண்மையான நெரிசலா, சந்திப்பின் வடிவத் தவறா என்று திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்.

இரண்டு, உள்ளே நுழையவே முடியாத வண்டிகள். சாலை நிரம்பியிருந்தால் சுமோ அவற்றை வெளியே காக்கவைக்கும். சாலையில் இல்லாததால் வரிசையில் தெரியாது, சராசரிப் பயண நேரத்திலும் சேராது. கிளம்பத் தாமதமான நேரத்தையும் பயண நேரத்தோடு கூட்டினால்தான் ஒரு குடும்பம் உண்மையில் காத்திருந்த நேரம் வரும்.

எத்தனை முறை ஓட்ட வேண்டும், மாவட்ட நிர்வாகத்திடம் எதைக் கொடுக்க வேண்டும்?

ஒவ்வொரு சூழலையும் வெவ்வேறு தொடக்க எண்ணோடு (மென்பொருளின் தற்செயல் தேர்வுகளை மாற்றும் எண்) 20 முதல் 30 முறை. சராசரியைக் கொடுக்காதீர்கள். பத்தில் ஒன்பது ஓட்டத்தில் எத்தனை மணிக்குள் முடிந்தது என்பதைக் கொடுங்கள். 90 சதவீத மக்கள் வெளியேறிய நேரத்தையும் 100 சதவீதம் வெளியேறிய நேரத்தையும் தனித்தனியாகக் காட்டுங்கள். அந்தக் கடைசிப் பத்து சதவீதத்தில்தான் முதியவர்களும் நோயாளிகளும் வண்டியில்லாதவர்களும் இருப்பார்கள்.

அதிகாரிக்கு வண்ணப்படம் வேண்டாம், ஒரு பக்க அட்டவணை போதும். இடப்பக்கம் "பாலம் மூடும் நேரம்", மேலே "சாதாரண நாள், ஐயப்பன் சீசன், அமாவாசை", கட்டங்களில் "அறிவிப்பு கொடுக்க வேண்டிய கடைசி நேரம்". அந்தத் தாளைக் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒட்ட முடிய வேண்டும்.

புயல் வந்துகொண்டிருக்கும்போதே ஓட்டிப் பார்க்கலாமா?

புதிதாக மாதிரி கட்ட அப்போது நேரமிருக்காது. அக்டோபருக்கு முன்பே சூழல்களை ஓட்டி வைத்துவிட்டு, புயல் நெருங்கும்போது எது பொருந்துகிறதோ அதை எடுக்க வேண்டும். 2020 டிசம்பரில் புரெவி பாம்பனை நோக்கி வந்து, மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்து நின்றது. அப்படி ஒரு புயல் வராமல் போன அடுத்த முறை கிளம்புவோர் எண்ணிக்கை குறையலாம், தயங்கும் நேரம் கூடலாம். அந்தச் சூழலும் தொகுப்பில் இருக்கட்டும். அன்றைக்கு மாற்ற வேண்டியவை மூன்றே எண்கள்: வாகன நிறுத்தங்களில் இப்போது நிற்கும் வண்டிகள், மதியம் வரை பாலத்தைக் கடந்தவை, பாலம் மூடும் நேரம் பற்றிய புதிய கணிப்பு. முதலாவதை நகராட்சி ஊழியர்கள் நடந்துபோய் எண்ணி ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம். எந்தெந்த நிறுத்தம், யார் எண்ணுவது, எந்த எண்ணுக்கு அழைத்துச் சொல்வது என்பதை செப்டம்பரிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.